ஏ தளத்துக் கண்ணாடி: ஒலிம்பிக்கும் அதன் இரண்டு தங்கைகளும்

1912 ஏப்ரல் 15, நள்ளிரவு தாண்டிய நேரம். டைட்டானிக் பனிமலையில் உரசி ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். உயிர்காப்புப் படகுகளில் ஆள் ஏற்றும் வேலை இடப்பக்கத்தில் தொடங்கியிருந்தது. பெண்களும் குழந்தைகளும் ஒரு தளம் கீழே, ஏ தளத்துக்கு இறங்கி, அங்கிருந்து படகில் ஏற வேண்டும் என்று கேப்டன் எட்வர்ட் ஸ்மித் உத்தரவிட்டார். பக்கத்தில் நின்ற முதல் வகுப்புப் பயணி ஹியூ ஊல்னர் அவரிடம் போய், அங்கே கண்ணாடி ஜன்னல்கள் எல்லாம் மூடிக் கிடக்கின்றனவே, மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். கேப்டன் திடுக்கிட்டு, நீங்கள் சொல்வது சரிதான் என்று ஒப்புக்கொண்டு, போனவர்களைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார். அமெரிக்க செனட் விசாரணையில் ஊல்னரே சொன்ன சாட்சியம் இது.

தன் கப்பலில் எங்கே ஜன்னல் இருக்கிறது என்பது ஒரு கேப்டனுக்கு எப்படி மறந்துபோகும்? ஸ்மித் அனுபவம் இல்லாதவர் அல்ல. ஒயிட் ஸ்டார் நிறுவனத்தின் மூத்த கேப்டன். பதற்றம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய காரணமாகத் தெரிவது வேறு. 1911 ஜூன் முதல் டைட்டானிக்குக்கு மாறும் வரை அவர் ஓட்டியது ஒலிம்பிக் கப்பலை. அதே நீளம், அதே அகலம், அதே நான்கு புகைபோக்கிகள், அதே மாடிப்படி. ஆனால் ஒலிம்பிக்கின் ஏ தளத்தில் ஜன்னலே கிடையாது. முன்னிருந்து பின்வரை கடலைப் பார்த்துத் திறந்த தாழ்வாரம். அந்தக் கப்பலில் இருந்தபடி யோசித்தால் ஸ்மித்தின் உத்தரவில் ஒரு தவறும் இல்லை.

சகோதரிக் கப்பல்கள் என்றதும் ஒரே அச்சில் வார்த்த இரண்டு பொருள்கள் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் மூத்தவளை ஓட்டிப் பார்த்து, குறைகளைக் குறித்துக்கொண்டு, இளையவளில் திருத்தினார்கள். எந்தக் குறையைத் திருத்தினார்கள், யார் சொன்ன குறையைத் திருத்தினார்கள் என்பதைத்தான் இந்த ஆய்வில் பார்க்கப் போகிறோம்.

இரண்டுக்கும் பொதுவான அடித்தளம்

1907-இல் குனார்ட் நிறுவனத்தின் லூசிட்டானியாவும் மௌரிட்டானியாவும் அட்லாண்டிக்கில் இறங்கின. வேகத்தில் அவற்றை மிஞ்ச ஆளில்லை. போட்டியாளரான ஒயிட் ஸ்டார் அந்த வேகத்தோடு மல்லுக்கு நிற்கவில்லை. இன்னும் பெரிய, இன்னும் சொகுசான, அலையில் அதிகம் ஆடாத கப்பல்களைக் கட்டத் தீர்மானித்தது. பெல்ஃபாஸ்ட் நகரின் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் பட்டறையில் 400-ஆம் எண் கொண்ட ஒலிம்பிக்குக்கு 1908 டிசம்பரில் அடிமரம் போட்டார்கள். அடுத்த மார்ச்சில் பக்கத்துச் சாரத்திலேயே 401-ஆம் எண், டைட்டானிக். இரண்டும் 882 அடி 9 அங்குல நீளம். 92 அடி 6 அங்குல அகலம்.

உள்ளே ஆட்களைப் பிரித்த விதமும் ஒன்றுதான். கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. அது முதல் வகுப்புக்கு. அதற்குப் பின்னால் இரண்டாம் வகுப்பு. மிச்சமான இரண்டு நுனிகளும் கீழ்த்தளங்களும் மூன்றாம் வகுப்புக்கு. அதிலும் தனியாக வரும் ஆண்கள் முன்நுனியில்; தனியாக வரும் பெண்களும் குடும்பங்களும் பின்நுனியில். தளங்களுக்கு மேலிருந்து கீழாக எழுத்துகள்: உச்சியில் படகுத்தளம், அதற்குக் கீழே ஏ, பி, சி என்று ஜி வரை. நீச்சல்குளமும் துருக்கிக் குளியலறையும் எஃப் தளத்தில். முதல் வகுப்புக்கு 3 லிஃப்ட். இரண்டாம் வகுப்புக்கு ஒன்று. இரண்டாம் வகுப்புக்கு லிஃப்ட் என்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம்.

எத்தனை பேர் பயணிக்கலாம் என்ற கணக்கு மட்டும் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். அதற்குக் காரணம் உண்டு. சில அறைகளைத் தேவைக்கேற்ப முதல் வகுப்பாகவோ இரண்டாம் வகுப்பாகவோ விற்கலாம். வேறு சிலவற்றை இரண்டாம் வகுப்பாகவோ மூன்றாம் வகுப்பாகவோ விற்கலாம். இ தளத்தில் இப்படிப்பட்ட அறைகள் நிறைய. எனவே வகுப்புகளுக்கு இடையில் இருந்த எல்லை இரும்புச் சுவராக இருந்ததைவிடப் பல இடங்களில் ஒரு கதவாகத்தான் இருந்தது. எந்தக் கதவைப் பூட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது நகர்ந்தது.

இஸ்மேயின் குறிப்புகள்

1911 ஜூன் 14-ஆம் தேதி ஒலிம்பிக் சவுத்தாம்ப்டனிலிருந்து முதல் பயணம் கிளம்பியது. ஒயிட் ஸ்டார் தலைவர் புரூஸ் இஸ்மேயும், பட்டறையின் வடிவமைப்பாளர் தாமஸ் ஆண்ட்ரூஸும் அதில் போனார்கள். இருவரும் விருந்தாளிகளாகப் போகவில்லை. நடந்து நடந்து குறை தேடினார்கள். மெத்தைகள் அளவுக்கு மீறித் துள்ளுகின்றன, கழிவறையில் சுருட்டு வைக்க ஒரு தாங்கி வேண்டும், ஊழியர் சமையலறைக்கு உருளைக்கிழங்குத் தோல் சீவும் இயந்திரம் வேண்டும் என்று இஸ்மேயின் கவனம் சின்னச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் போனது.

பெரிய குறிப்பு ஒன்றும் இருந்தது. பி தளத்தின் இரு பக்கத்திலும் முதல் வகுப்பாருக்கென நீண்ட, ஜன்னல் வைத்து மூடிய தாழ்வாரம் ஓடியது. அதில் ஆளே இல்லை. மேலே ஏ தளத்தில் அகலமான தாழ்வாரம் இருக்கிறது. அதற்கும் மேலே படகுத்தளத்தில் வானம் பார்த்து நடக்கலாம். மூன்றாவதாக ஒரு நடைபாதை யாருக்கு வேண்டும்? அந்த இடத்தில் அறைகள் கட்டினால் காசு.

ஒரு கப்பலின் வடிவத்தை இப்படி நடையளந்து முடிவு செய்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வரைபலகையில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆட்கள் எங்கே கூடுகிறார்கள், எங்கே போகாமல் விடுகிறார்கள் என்பதைக் கப்பல் கடலில் இருக்கும்போது மட்டுமே பார்க்க முடியும். ஆளில்லாத தாழ்வாரத்துக்கு நேர்மாறாக, டி தளத்தில் சாப்பாட்டுக்கூடத்தின் வாசலில் இருந்த வரவேற்புக்கூடத்தில் மாலை நேரத்தில் இடம் கிடைக்கவில்லை. டைட்டானிக்கில் அதைச் சற்றே பெரிதாக்கினார்கள்.

பி தளம்: தாழ்வாரம் அறைகளாக மாறியது

டைட்டானிக் 1911 மே 31-ஆம் தேதியே தண்ணீரில் இறங்கிவிட்டது. ஒலிம்பிக்கை நிறுவனத்திடம் ஒப்படைத்ததும் அதே நாளில்தான். ஆனால் அப்போது டைட்டானிக் வெறும் கூடு. உள்வேலை பாக்கி இருந்ததால் திருத்தங்களுக்கு நேரம் கிடைத்தது.

பி தளத்தில் அறைகளை வெளிச்சுவர் வரை இழுத்தார்கள். நடைபாதை காணாமல் போனது. கப்பலை வெளியிலிருந்து பார்த்தாலே இது தெரியும். ஒலிம்பிக்கின் பி தளத்தில் ஜன்னல்கள் சீரான இடைவெளியில் வரிசையாக ஓடும். தாழ்வாரத்து ஜன்னல்கள் அல்லவா. டைட்டானிக்கில் அதே வரிசை தாறுமாறாக, இரண்டு நெருக்கமாகவும் ஒன்று தள்ளியும் இருக்கும். உள்ளே ஒவ்வொரு அறையின் அளவும் வேறு. ஜன்னல்கள் அறையைப் பின்பற்றின.

இந்தப் புது இடத்தில் வந்தவைதான் டைட்டானிக்கின் பேர்போன இரண்டு பெரிய அறைத்தொகுதிகள். இரண்டு படுக்கையறைகள், ஒரு வரவேற்பறை, குளியலறை. இவற்றோடு சுமார் 50 அடி நீளத்துக்குத் தனிச் சொந்தத் தாழ்வாரம். ஒலிம்பிக்கில் எல்லா முதல் வகுப்பாருக்கும் பொதுவாக இருந்த தாழ்வாரத்தின் ஒரு துண்டு இங்கே ஒரே குடும்பத்தின் கதவுக்குப் பின்னால் போனது. வலப்பக்கத்தில் இருந்த பி-51, 53, 55 தொகுதியில் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஷார்லட் கார்டெசா தன் மகனுடன் பயணித்தார்; பணியாட்களையும் சேர்த்து 512 பவுண்டுக்கு மேல் கட்டணம். இடப்பக்கத்தில் இருந்த பி-52, 54, 56 தொகுதியில் தங்கியவர் இஸ்மே. எந்தத் தாழ்வாரம் வீண் என்று ஒலிம்பிக்கில் அவர் குறித்தாரோ, அதே இடத்தில் டைட்டானிக்கில் அவருடைய கட்டில் போடப்பட்டிருந்தது.

சரி, எவ்வளவு இடம் கூடியது? இதற்கு ஒரு நேரடியான அளவுகோல் உண்டு. கப்பலின் மொத்தப் பதிவு டன் என்பது எடை அல்ல. மூடிய இடத்தின் கொள்ளளவு. 100 கன அடிக்கு 1 டன். ஒலிம்பிக் 45,324 டன், டைட்டானிக் 46,328. வித்தியாசம் 1,004 டன், அதாவது சுமார் 1 லட்சம் கன அடி. உடம்பு ஓர் அடிகூட நீளாமல், திறந்து கிடந்த இடங்களைச் சுவர் வைத்து மூடியதில் கிடைத்தது இது. உலகத்திலேயே பெரிய கப்பல் என்ற பட்டம் டைட்டானிக்குக்கு வந்தது இந்தச் சுவர்களாலும் ஜன்னல்களாலும்தான்.

உணவகமும் இரண்டாம் வகுப்பின் தாழ்வாரமும்

பி தளத்தின் பின்பகுதியில் இரு கப்பல்களிலும் தனி உணவகம் இருந்தது. டிக்கெட்டில் அடங்கிய சாப்பாடு டி தளத்துப் பெரிய கூடத்தில் கிடைக்கும். இங்கே வேண்டியதை வேண்டிய நேரத்தில் சொல்லி, தனியாகக் காசு கொடுத்துச் சாப்பிடலாம். ‘அமெரிக்கா’ என்ற ஜெர்மானியக் கப்பல் 1905-இலேயே ரிட்ஸ் பெயரில் இப்படி ஓர் உணவகம் வைத்திருந்தது. அந்த யோசனையை ஒயிட் ஸ்டார் எடுத்துக்கொண்டது. நடத்தியவர் லூயிஜி காட்டி என்ற இத்தாலியர். ஒலிம்பிக்கில் கூட்டம் தாங்கவில்லை.

ஆகவே டைட்டானிக்கில் உணவகத்தைக் கப்பலின் இடப்பக்கச் சுவர் வரை விரித்தார்கள். வலப்பக்கத்தில் கொடிகள் படர்ந்த பின்னல் தட்டிகளும் பிரம்பு நாற்காலிகளுமாக, பாரீஸ் தெருவோரக் கடை போல ‘கஃபே பாரிசியன்’ வைத்தார்கள். இளைஞர்கள் கூடும் இடமாக அது உடனே ஆகிவிட்டது. இது எல்லாக் கட்டுரைகளிலும் வரும். வராதது ஒன்று: ஒலிம்பிக்கில் அந்த இடம் யாருடையது என்பது. இரண்டாம் வகுப்பார் உலாவிய தாழ்வாரம் அங்கே இருந்தது. முதல் வகுப்பின் மேசைகளுக்காக இரண்டாம் வகுப்பின் நடைபாதை சுருங்கியது.

இதை வஞ்சகம் என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் வகுப்பாருக்கு வேறு இடங்கள் இருந்தன. மற்ற நிறுவனங்களின் முதல் வகுப்போடு ஒப்பிடத்தக்க வசதி என்று விளம்பரம் செய்யும் அளவுக்கு அந்த வகுப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் திருத்தங்கள் எந்தத் திசையில் ஓடின என்பதைக் கவனிக்க வேண்டும். நடந்து பார்த்துக் குறிப்பு எடுத்தவர்கள் நடந்தது முதல் வகுப்பின் தாழ்வாரங்களில். அங்கே கேட்ட குரல்களுக்குப் பதில் கிடைத்தது. மூன்றாம் வகுப்பின் கூடங்கள் இரண்டு கப்பல்களிலும் ஏறக்குறைய அப்படியே இருந்தன.

கடைசியில் வந்த கண்ணாடி

இப்போது ஏ தளத்துக்கு வருவோம். ஒலிம்பிக்கில் திறந்த தாழ்வாரத்தின் முன்பாதியில் கடல் கொந்தளிக்கும்போது நீர்த்துளி அடித்தது. அட்லாண்டிக்கின் வடபகுதியில், குளிர்காலத்தில், அது சாரல் இல்லை. பனிக்கட்டிக் குளிரில் முகத்தில் அறையும் உப்புத் தண்ணீர். பயணிகள் முறையிட்டார்கள். டைட்டானிக்கின் ஏ தளத்து முன்பாதிக்குக் கண்ணாடித் தடுப்பு போட முடிவானது. வேலை நடந்தது கடைசிச் சில வாரங்களில். 1912 மார்ச் தொடக்கத்தில் பெல்ஃபாஸ்டில் இரு கப்பல்களும் சேர்ந்து நின்றபோது எடுத்த படங்களில் டைட்டானிக்கின் ஏ தளம் இன்னும் திறந்தே இருக்கிறது. ஏப்ரலில் எடுத்த படங்களில் ஜன்னல்கள் வந்துவிட்டன.

பி தளத்து மாற்றத்தையும் இதையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. ஒலிம்பிக்கில் மழைக்கும் காற்றுக்கும் ஒதுங்கி நடக்க பி தளத்தில் மூடிய தாழ்வாரம் இருந்தது, யாரும் அதிகம் போகாவிட்டாலும். டைட்டானிக்கில் அதை அறைகளாக்கிய பிறகு ஒதுங்க இடமில்லை. ஏ தளத்தை மூடுவது அதன் பிறகு ஏறக்குறையக் கட்டாயம். ஒரு திருத்தம் இன்னொன்றை இழுத்து வந்தது.

இன்றைக்கு இரு கப்பல்களின் படங்களையும் பிரித்தறிய எளிய வழி இந்தக் கண்ணாடிதான். ஏ தளம் முழுக்கத் திறந்திருந்தால் ஒலிம்பிக். முன்பாதி மூடி, பின்பாதி திறந்திருந்தால் டைட்டானிக்.

நான்காம் எண் படகு

ஊல்னர் சொன்ன சம்பவத்தோடு ஏ தளத்துக் கதை முடியவில்லை. இரண்டாம் அதிகாரி சார்லஸ் லைட்டோலர் இடப்பக்கத்து நான்காம் எண் படகை ஏ தளத்து மட்டத்துக்கு இறக்கி நிறுத்தினார். பெண்களைக் கீழே அனுப்பியும் ஆயிற்று. கண்ணாடி மூடியிருந்தது. திறக்கத் தனிக் கைப்பிடி தேவை. ஆள் தேடிப் போனார்கள். காத்திருந்தவர்களை மறுபடி மேலே ஏறச் சொன்னார்கள். லைட்டோலர் மற்ற படகுகளைக் கவனிக்கப் போய்விட்டார். பிறகு ஜன்னல்கள் திறந்ததும் மறுபடி கீழே. கப்பல் இடப்பக்கம் சாய்ந்திருந்ததால் படகு சுவரை விட்டு விலகித் தொங்கியது. அதை இழுத்துக் கட்டி, சாய்வு நாற்காலிகளைப் படியாக அடுக்கி, ஜன்னல் வழியாக ஒவ்வொருவராகத் தூக்கி ஏற்றினார்கள். கர்ப்பிணியான மேடலீன் ஆஸ்டர் அப்படித்தான் ஏறினார். கணவர் ஜான் ஜேக்கப் ஆஸ்டர் கூட வரலாமா என்று கேட்டதும், முடியாது என்று லைட்டோலர் சொன்னதும் அந்த ஜன்னலருகில்தான்.

முதலில் தயாரான படகுகளில் ஒன்று அது. தண்ணீரில் இறங்கியபோது மணி ஏறக்குறைய 1:50. கப்பல் மூழ்கியது 2:20-க்கு. இடையில் போன அந்த ஒரு மணி நேரத்துக்கு மேலான காலத்தை வைத்துப் பார்த்தால், நீர்த்துளி படாமல் நடப்பதற்குப் போட்ட கண்ணாடிக்குப் படகு ஏற்றும் ஒத்திகையில் ஓர் இடம் கொடுத்திருக்க வேண்டும். அப்படி ஒத்திகை எதுவும் நடக்கவில்லை. லைட்டோலர் அதற்கு முன்பு இருந்தது ஓஷியானிக் என்ற வேறு கப்பலில். டைட்டானிக்கில் சேர்ந்து சில வாரங்களே. ஸ்மித், முதன்மை அதிகாரி வைல்ட், முதல் அதிகாரி மர்டோக் மூவரும் ஒலிம்பிக்கிலிருந்து வந்தவர்கள். புதிய கப்பலின் புதிய மூலைகள் யாருக்குமே கைப்பழக்கமாகவில்லை.

ஆனாலும் கண்ணாடியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. அந்த இரவில் அதிக உயிர்களைத் தீர்மானித்தது இரு கப்பல்களிலும் மாறாமல் இருந்த அமைப்புதான். படகுகள் இருந்தது உச்சியில். அங்கே நேராக ஏறிவரப் படிக்கட்டு இருந்தது முதல், இரண்டாம் வகுப்புகளுக்கு. மூன்றாம் வகுப்பாருக்கு அப்படியொரு நேர்வழி இல்லை. முன்நுனியில் தூங்கிய ஆண்கள் இ தளத்தின் நெடிய ஊழியர் நடைபாதை வழியாக, ஊழியர்கள் ‘ஸ்காட்லாந்து ரோடு’ என்று அழைத்த அந்தப் பாதையில், பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். அங்கிருந்து மேலே போவதற்கு வேறு வகுப்புகளின் கூடங்களைத் தாண்டிப் போக வேண்டும். வழி தெரிந்த ஒருவர் கூட்டிப் போனால்தான் முடியும். ஜான் ஹார்ட் என்ற மூன்றாம் வகுப்புப் பணியாளர் இரண்டு முறை அப்படிக் கூட்டிக்கொண்டு போனார். பிரிட்டிஷ் விசாரணையில் தான் போன பாதையை விவரித்தார். அவர் அழைத்துப் போன அந்த ஐம்பது, அறுபது பேரைத் தவிர மற்றவர்கள் தாங்களே வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முதல் வகுப்பில் 10 பேருக்கு 6 பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் 4 பேருக்கு ஒருவர்.

திருத்தக் குறிப்புகளில் அந்தப் பாதை வரவே இல்லை. ஒலிம்பிக்கின் முதல் பயணத்தில் அந்த வழியை யாரும் நடந்து பார்த்ததற்கான அடையாளம் டைட்டானிக்கில் தெரியவில்லை.

ஆண்ட்ரூஸ் கடைசி வரை திருத்திக்கொண்டே இருந்தார். ஏ தளத்தில், பின்பக்க மாடிப்படிக்கு அருகில், ஒலிம்பிக்கில் இல்லாத ஏ-36 என்ற அறையில் தங்கியிருந்தார். தனித் தாழ்வாரங்களின் சுவர் நிறம் அடர்த்தியாக இருக்கிறது, தொப்பி மாட்டும் கொக்கிகளில் திருகாணி அதிகம், படிப்பு எழுத்துக் கூடத்துக்குப் பெண்கள் அதிகம் வருவதில்லை, அதில் ஒரு பகுதியை இரண்டு அறைகளாக்கலாம் என்றெல்லாம் யோசித்திருந்தார். அந்தக் குறிப்புகள் அடுத்த கப்பலுக்கானவை. அவரும் அவரோடு பட்டறையிலிருந்து வந்த 8 பேரும் பிழைக்கவில்லை.

மூத்தவள் திரும்பப் போனாள்

1912 அக்டோபரில் ஒலிம்பிக் பெல்ஃபாஸ்டுக்குத் திரும்பி ஆறு மாதம் நின்றது. கொதிகலன், எந்திரப் பகுதிகளில் கப்பலின் வெளிச்சுவருக்கு உட்புறமாக இரண்டாவது தோல் போல இன்னொரு சுவர். நீர்த்தடுப்புச் சுவர்கள் சிலவற்றை பி தளம் வரை உயர்த்தினார்கள். 20 படகுகள் இருந்த இடத்தில் 60-க்கு மேல். அதே சமயம், பயணிகள் கேட்டதையும் கொடுத்தார்கள்: உணவகம் பெரிதானது, கஃபே பாரிசியன் வந்தது, பி தளத்தில் கூடுதல் அறைகள் வந்தன. தங்கையிடம் வேலை செய்த திருத்தங்கள் அக்காவுக்குப் போய்ச் சேர்ந்தன. ஏ தளத்தை மட்டும் மூடவில்லை.

மூன்றாவது கப்பல் பிரிட்டானிக், பட்டறை எண் 433. 1914 பிப்ரவரியில் நீரில் இறங்கியது. இரட்டைத் தோலுக்காக அகலம் 94 அடி ஆனது. மொத்த டன் 48,158. இதில்தான் முதல் முறையாக வசதிகள் கீழ் வகுப்புகளுக்கும் நகர்ந்தன: இரண்டாம் வகுப்புக்கு உடற்பயிற்சிக்கூடம், குழந்தைகளுக்கு விளையாட்டு அறை, பின்பக்கத்தில் மூன்றாம் வகுப்பார் கூடும் திறந்த இடத்துக்குக் கூரை. முதல் வகுப்பில் தனிக் குளியலறை உள்ள அறைகள் பெருகின. பெரிய மாடிப்படிக்கு ஜெர்மனியின் வெல்ட்டே நிறுவனம் செய்த தானியங்கி ஆர்கன்.

எந்தப் பயணியும் இதில் பயணச்சீட்டு வாங்கவில்லை. போர் வந்தது, 1915 டிசம்பரில் மருத்துவமனைக் கப்பலாகக் கிளம்பியது. சாப்பாட்டுக்கூடமும் வரவேற்புக்கூடமும் அறுவைச் சிகிச்சை அறைகளாகவும் நோயாளிக் கூடங்களாகவும் மாறின. 3,300-க்கு மேல் படுக்கைகள். 1916 நவம்பர் 21 காலை, கிரேக்கத்தின் கியா தீவருகே கண்ணிவெடி. டைட்டானிக்கின் பாடத்தை வைத்துக் கட்டிய கப்பல் 55 நிமிடத்தில் மூழ்கியது. காற்றோட்டத்துக்காகக் கீழ்த்தள வட்ட ஜன்னல்களை நோயாளிக் கூடங்களில் திறந்து வைத்திருந்தார்கள். கப்பல் சாய்ந்ததும் அவற்றின் வழியே நீர் புகுந்தது. உயர்த்திக் கட்டிய சுவர்களைத் தண்ணீர் சுற்றிக்கொண்டு வந்தது. ஆனால் படகுகள் போதுமான அளவு இருந்தன, பகல் நேரம், நோயாளிகள் ஏறும் முன்பே நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் 30 பேர்தான் இறந்தார்கள். ஒலிம்பிக்கிலும் டைட்டானிக்கிலும் பணிப்பெண்ணாக இருந்த வயலட் ஜெஸ்ஸப் அதிலும் இருந்தார், தப்பினார்.

அந்த ஆர்கன் கப்பலில் பொருத்தப்படவே இல்லை. சுவிட்சர்லாந்தின் சேவன் ஊர் அருங்காட்சியகத்தில் இருந்த ஆர்கனைச் சீர்செய்தபோது, 2007-இல், உள்ளே பிரிட்டானிக்கின் பெயர் பொறித்திருந்தது தெரியவந்தது.

மற்ற சகோதரிகள்

இந்த மூன்றும் ஒரே பட்டறையில், ஒருவர் பின் ஒருவராகத் திருத்திக் கட்டியவை. குனார்டின் ஜோடி வேறு மாதிரி. லூசிட்டானியாவை ஸ்காட்லாந்தின் ஜான் பிரவுனும், மௌரிட்டானியாவை இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் ஸ்வான் ஹன்டரும் ஒரே சமயத்தில் கட்டினார்கள். உள் அலங்காரத்துக்கு இரு தனிக் கலைஞர்கள்: ஜேம்ஸ் மில்லர் வெள்ளைச் சுதை வேலையும் பொன்பூச்சுமாக லூசிட்டானியாவை ஒளிரவைத்தார், ஹரால்ட் பீட்டோ அடர்நிற மரங்களை இழைத்து மௌரிட்டானியாவைக் கனமாக்கினார். அங்கே வித்தியாசம் ரசனையில். ஜெர்மானிய இம்பெரேட்டரும் (1913) அதன் தங்கை ஃபாட்டர்லாண்டும் (1914) இன்னொரு வகை. இரண்டாவதில் புகைக்குழாய்களை இரண்டாகப் பிளந்து பக்கச் சுவரோரம் ஏற்றினார்கள். நடுவில் அடைப்பில்லாமல் ஒரு கூடத்திலிருந்து அடுத்த கூடம் வரை நேர்ப்பார்வை கிடைத்தது. அறைகளின் அமைப்பில் நடந்த மாற்றங்களிலேயே துணிச்சலானது இதுதான் என்பேன். ஒயிட் ஸ்டார் திருத்தியது சுவர்களை. ஃபாட்டர்லாண்ட் திருத்தியது புகைக்குழாயை.

ஆதாரமாக நிற்கும் ஜன்னல்கள்

டைட்டானிக்கின் உட்புறம் என்று நாம் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை ஒலிம்பிக்கில் எடுத்தவை. டைட்டானிக்கில் எடுத்தவை மிகக் குறைவு. அயர்லாந்தின் குவீன்ஸ்டவுனில் இறங்கிவிட்ட ஃபிரான்சிஸ் பிரவுன் என்ற இளம் துறவி எடுத்தவை அவற்றில் விலைமதிக்க முடியாதவை. ஆகவே எந்த உட்புறப் படத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது எந்தச் சகோதரி?

இரண்டு கப்பல்களையும் காப்பீட்டுக்காக மாற்றிவிட்டார்கள், மூழ்கியது ஒலிம்பிக்தான் என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. உள்ளமைப்பை அறிந்தவர்கள் அதை ஒரு நொடிகூட ஏற்க மாட்டார்கள். பெயர்ப்பலகையை ஓர் இரவில் மாற்றலாம். பி தளம் முழுக்க அறைகளை இடித்து, சுவரை நகர்த்தி, ஜன்னல்களை வேறு இடைவெளியில் வெட்டுவதை ஒரு துறைமுகத்துக்கே தெரியாமல் செய்ய முடியாது. 1985-இல் கண்டுபிடிக்கப்பட்ட சிதைவில் பி தளத்துச் சீரற்ற ஜன்னல்கள் அப்படியே இருக்கின்றன. உந்துவிசிறியின் இதழில் 401 என்ற எண்ணும்.

ஒலிம்பிக் 1935 வரை ஓடியது. போரில் படைகளை ஏற்றியது, எண்ணெய்க்கு மாறியது, குடியேறிகளின் கூட்டம் குறைந்த 1920-களில் மூன்றாம் வகுப்பின் ஒரு பகுதி சுற்றுலா வகுப்பானது. உடைத்தபோது அதன் மரப்பலகைகள் ஏலம் போயின. ஆல்ன்விக் நகரின் ஒயிட் ஸ்வான் விடுதியில் ஒரு சாப்பாட்டறையின் சுவரில் இன்றும் இருக்கின்றன. 24 ஆண்டுகளில் அந்தக் கப்பலின் உள்ளே அநேகமாக எல்லாவற்றையும் ஒரு முறையாவது மாற்றிவிட்டார்கள். ஏ தளத்துத் தாழ்வாரம் மட்டும், ஜாரோவில் உடைக்கக் கொண்டுபோய்க் கட்டிய நாள் வரை, ஒரு கண்ணாடிகூட இல்லாமல் திறந்தே இருந்தது.